கைராசிக் கம்ப்யூட்டர்

எனக்கு அவசரம் ஆகாது. டீயைக்கூட நன்றாக ஆற்றித்தான் குடிப்பேன். தனக்கோடி முதலாளியின் பட்டுக்கடையில் நான் ஓட்டிய டிசைன் புரோகிராமுக்கும் என் குணம்தான்.

93-இல் வாங்கியது. சேலை பார்டருக்கு மாங்காயோ அன்னமோ அதில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டும் அட்டைகளில் ஓட்டை குத்துவோம். கடையின் பழைய டிசைன்கள் எல்லாம் அதற்குள்தான், வேறெதிலும் திறக்காது. 2002-இல் முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதன் வேகம் தாங்காமல் பழைய புரோகிராம் திறந்த கையோடு செத்துப்போகும். வேலூரில் விசாரித்து, மெஷினின் வேகத்தை அடக்கும் சின்னப் புரோகிராம் ஒன்றை வாங்கி வந்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரே ஒரு வார்த்தை தட்டி அதை ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த தையில் முதலாளி மகனுக்குக் கல்யாணம். மருமகள் ஜெயப்ரியா கண்ணமங்கலத்துப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள்.

"ராஜவேலு, இனிமே டிசைனை நம்ம பொண்ணே பாத்துக்கும். நீ அட்டை குத்திகினு இரு" என்றார் முதலாளி. நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் உட்கார்ந்தால் புரோகிராம் செத்தது. நான் உட்கார்ந்தால் ஓடியது. எங்கள் ஊரில் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றக்கூட கைராசிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் முதலாளியம்மா ஒரு முடிவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

"இன்னா ராஜவேலு, இந்தப் பொண்ணு கை வெச்சாலே நின்னு பூடுது?"

"பாவம், சின்னப் பொண்ணும்மா" என்றேன்.

ஜெயப்ரியா கெட்டிக்காரி. ஒருநாள் தனியாக வந்து கேட்டாள்: "அண்ணா, இதுக்கு முன்னாடி வேற ஏதாவது ஓட்டணுமாங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எல்லாம் கைவாகு" என்றேன். நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு நடந்தது அவர்கள் வீட்டு விவகாரம். கம்ப்யூட்டரைத் தொடாதே என்றார்கள். அப்புறம் பாவு நூலைத் தொடாதே, கல்லாவைத் தொடாதே என்றார்கள். கடைசியில் சாமி விளக்கையும். ஆடிக்குத் தாய்வீடு போன புதுப்பெண்ணை ஆவணியில் யாரும் போய் அழைத்து வரவில்லை. மறு வருஷம் தீர்த்து எழுதிக்கொண்டார்கள். கைராசி இல்லாதவள் என்ற பேச்சு கண்ணமங்கலம் வரை போய்விட்டதாம், வேறு வரனும் அமையவில்லையாம். கேட்டபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

போன மாதம் முதலாளியம்மா பூவும் பழமுமாக எங்கள் வீட்டுப் படியேறினார். கைராசிக்காரக் குடும்பம் என்று சொல்லி, என் மகள் சரண்யாவைத் தன் மகனுக்குக் கேட்டார். நானாகப் போய்க் கேட்கவில்லை, பாருங்கள்.

முதலில் தட்ட வேண்டிய அந்த வார்த்தையை நேற்றே சரண்யாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். வாழப் போகிற வீட்டில் ஒரு பெண் அவமானப்பட்டு நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.