தரைக்குக் கீழே ரமூனாஸ்

– கோட்டு மாட்டிட்டு பட்டனைத் தொறந்து வைன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு, ரமூனாஸ் துரை?

– எந்தப் பட்டன், மாமா?

– அஸ்திவாரத்துல நாலு பக்கமும் ஓட்டை போட்டு வச்சிருக்கியே, அதைச் சொல்றேன். குளிர் வரக்கூடாதுன்னுதானே ரெண்டு நாளா தரைக்கு அடியில படுத்துக்கிட்டு தரையைத் தாங்குற உத்தரத்துக்கு நடுவுல பஞ்சு திணிக்கிறே? அப்புறம் காத்துக்கு எதுக்கு வாசல்?

– நான் போடலே, மாமா. அது வீடு கட்டினப்பவே விட்ட காத்துப் பொந்து. அடைச்சிருந்ததை இடிச்சுத் தொறந்தேன், அவ்வளவுதான். பஞ்சு மேலே, காத்து அதுக்குக் கீழே. காத்து ஓடலேன்னா மண்ணோட ஈரம் கட்டையில ஏறிடும்.

– ஏறிடுமாம்! முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் சிமெண்டு வச்சு அடைச்சேன். ஏறுச்சா?

– இந்த ஊர்ல எல்லாரும் குளிருக்கு வைக்கோல் வச்சு அடைக்கிறாங்க. பனி உருகினதும் உருவிடறாங்க. சிமெண்டு வச்சது நீங்க மட்டும்தான்.

– வருஷா வருஷம் குனிஞ்சு வைக்கோல் கிளற நான் என்ன கோழியா? இந்த செனோனாஸ் ஒரு தடவை செஞ்சா செஞ்சதுதான். கூட்டுப்பண்ணை டிராக்டர் பட்டறையில இருபத்தாறு பேரை மேய்ச்சவன்டா நான். நீ யாரு? ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு நெம்புகோல் படம் போடறவன்.

– சரிங்க மாமா. மேலேருந்து பலகைச் சந்து வழியா அந்த ஒயர்மேல பஞ்சைத் தள்ளிடாதீங்க. பழசு, துணி சுத்தினது. அதைச் சுத்தி இடம் விட்டிருக்கேன்.

– பார்த்தேன், பார்த்தேன். ஒயருக்கும் மூச்சு முட்டுமோ?

– சூடாகும். மூடினா பத்திக்கும். நாளைக்கு அதை மாத்த ஆள் வர்றாங்க. அப்புறம் அடைச்சுடறேன்.

– என் பேத்தி தவழப்போற தரை இது. சாயந்திரம் நீ போனதும் அத்தனை ஓட்டையையும் நானே அடைக்கிறேன்.

– அடைச்சீங்கன்னா, நானும் யூர்காவும் குழந்தையோட இங்கே குடி வரமாட்டோம், மாமா.

– அடேயப்பா! பொந்துக்குள்ளேருந்து எலி சட்டம் பேசுதே!

– கோவிச்சுக்காதீங்க. உங்க காலடியில இருக்கே, இந்த நடு உத்தரம், சுவர்கிட்ட மக்கிப்போயிருக்கு. ஆணியால குத்தினா ரொட்டிக்குள்ள போற மாதிரி போகுது.

– மக்கியிருக்கா? என் உத்தரமா? ஓக் மரம்டா! நானே போய் நின்னு அறுத்துட்டு வந்தது. கேளு! இதோ! இதோ! சர்ச்சு மணி மாதிரி இல்லே?

– குதிக்காதீங்க மாமா!

– பத்தலையா? இன்னொண்ணு கேளு! இதோ!

– ஐயோ...

– என்ன சத்தம் அது?

– ஒண்ணும்... ஒண்ணுமில்லே.

– பயந்துட்டியா? ஹூம். இந்த மூஞ்சிக்குத்தான் பொண்ணைக் குடுத்தேன்.

– மாமா, மெதுவா நடந்துபோய் வாசப்படியில நில்லுங்களேன்.

– என் வீட்டுல நான் எங்கே நிக்கணும்னு நீ சொல்றியா?

– இல்லே... என் கார்ல ஜாக்கி இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வாங்க.

– ஜாக்கியா? அடியில டயர் மாத்தப் போறியா? யூர்கா ஷௌலேய் டவுன் வரைக்கும் போய்ப் படிச்சுப் புடிச்ச மாப்பிள்ளையைப் பாரு!

– தயவுசெஞ்சு, மாமா.

– குரல் ஏன் நசுங்குது? இன்னிக்கு ரெண்டு மணி நேரம் குனிஞ்சதுக்கே இப்படியா? என் பட்டறையில இருந்திருந்தா உன்னைத் தரை பெருக்கக்கூட விட்டிருக்க மாட்டேன்.

– ஆமாங்க மாமா.

– என்ன ஆமாம்? அப்போ ஓட்டையை அடைச்சுடலாமா?

– கூடாது.

– கொழுப்பைப் பாரு! நீ சரின்னு சொல்ற வரைக்கும் நான் இங்கேருந்து ஒரு அடி நகர மாட்டேன். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்றேன்.

– நாற்காலி வேண்டாம்! நின்னபடியே... அசையாம நில்லுங்க.

– இப்போ நில்லுங்கிறே, அப்போ போங்கிறே. மண்டைக்குள்ளேயும் பஞ்சு போயிடுச்சா? யூர்கா! ஏ யூர்கா!

– என்னப்பா? பாப்பா இப்பத்தான் முழிச்சா. பீட்ரூட் சூப்பை ஜில்லுன்னு குளிர வச்சாச்சு, உருளைக்கிழங்கும் வெந்தாச்சு. சண்டையை நிறுத்திட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்க.

– சாப்பாடு கிடக்கட்டும். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இங்கே வா. உன் புருஷன் என் தரையை மக்குன்னு சொல்றான். என் பக்கத்துல வந்து நின்னு பாரு, ஆடுதான்னு.

– வர்றேன், வர்றேன். இவளுக்குக் காலுறை மட்டும் மாட்டிடறேன்.

– யூர்கா, வாசப்படியைத் தாண்டாதே. உத்தரம் உடைஞ்சு அஞ்சு நிமிஷமாச்சு. உங்கப்பா என் முதுகு மேலதான் நின்னுக்கிட்டிருக்கார்.