பத்துக் கோடியே ஒன்று

எனக்குக் கணக்கு வராது. கடையில் பில் போடுவதைக்கூட மெஷினிடம் விட்டுவிடுவேன். மூக்குக்கண்ணாடி விற்பவனுக்கு அது போதும். என் மனைவிதான் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தினாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஏழு சுழி.’

அவளுக்குப் பிடித்த ஓர் எண்தான் காரணம். ஒன்று போட்டு, ஏழு சுழி போட்டு, மறுபடி ஒன்று. பத்துக் கோடியே ஒன்று. கல்யாணமான புதிதில், சாப்பாட்டு மேசையில் தண்ணீரைத் தொட்டு எழுதிக் காட்டினாள்.

“ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, எதுக்கும் மசியாது. பதினொண்ணு, பதிமூணும் ஊஹூம். பதினேழு வந்ததும் சத்தமில்லாம உடையுது பாருங்க.”

வகுத்தால் 5882353 வரும். அது யாராலும் வகுக்க முடியாத பகா எண். அதை 588, 2353 என்று இரண்டாக வெட்டி, தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் திரும்பவும் அதே எண்ணாம்.

“சரி, இதை வெச்சு என்ன பண்றது?” என்று கேட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. அதன்பிறகு என்னிடம் எண்களைப் பற்றிப் பேசியதில்லை. தோழிகளிடம் போனில் பேசுவாள். பக்கத்து அறையிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்பேன்.

போன மாதம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தாள். அதற்கு முந்தைய வாரம்தான், தனியாகப் போகப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். வேறு யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் மெஷின்தான் மூச்சு விட்டது. கண் திறக்கவில்லை. “விரல் சில சமயம் தானா துடிக்கும் சார், அதை நம்பாதீங்க,” என்றார் டாக்டர். “நீங்க சொல்றது புரிஞ்சு அசைச்சாங்கன்னா உடனே கூப்பிடுங்க. அப்புறம் கதையே வேற.”

துடிப்பால் பதில் சொல்ல முடியாத கேள்வியாக வேண்டும். யோசித்துத்தான் கேட்டேன்.

“உன் பத்துக் கோடியே ஒண்ணு எதுல உடையும்?”

என் உள்ளங்கையில் அவள் விரல் அழுத்தியது. மெதுவாக, விட்டு விட்டு. பதினேழில் நின்றது.

அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு இன்னொன்று கேட்டேன். “வீட்டுக்கு வந்தாலும் என்னை விட்டுட்டுப் போயிடுவியா? ஆமான்னா ஒரு தடவை அழுத்து.”

அழுத்தினாள்.

மாலையில் டாக்டர் வந்தார். “ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“ஒண்ணுமில்லைங்க.”

அடுத்தடுத்த நாட்களும் அதையே சொன்னேன். அவர்கள் பரிசோதிக்க வரும்போதெல்லாம் அவள் கையை என் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்க வேண்டுமே என்று நர்ஸ் கண்கலங்கினார். கடைசியில் மெஷினை நிறுத்தலாமா என்று கேட்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

நிறுத்தியதும் விரல் அழுத்த ஆரம்பித்தது, வேகமாக. மற்றொரு கையாலும் மூடிக்கொண்டேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். எண்ணவில்லை.

கொன்றேன் என்றே எழுதுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அவள் என்னை விட்டுப் போகவில்லை. கடைசி மூச்சுவரை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.