பாஞ்சாலி திட்ட மாட்டேங்கறா

...யோசிக்காத ராயப்பா, மொட்டை தான். உன் காதுல சரியாத்தான் விழுந்துது. கிராப்பு இல்ல, டை இல்ல, மொட்டை. மீசையில மட்டும் கை வைக்காத. தண்ணி தெளிச்சி பிளேடை மாத்து. நான் பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கறேன், நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. விழுப்புரம் திண்டிவனம் பஸ்ஸுல வாழ்நாள் பூரா கண்டக்டரா கத்தின வாய் இது, ரிட்டையர் ஆயிட்டா மூடிக்குமா?

இன்னா, வெள்ளிக்கிழமையா? தெரியும்பா. தெரிஞ்சிதான் வந்தேன். வெள்ளிக்கிழமைல நகம் வெட்டினாக்கூட எங்க வீட்டுச் சத்தம் தெருமுனை வரிக்கும் கேக்கும். கேக்கும்னா... கேட்டுக்கினு இருந்துது. இப்ப இல்ல. அதான்பா பேஜாரே.

எங்க வீட்டுக்காரம்மாவ உனக்குத் தெரியும் இல்ல, பாஞ்சாலி. பேருக்கேத்த பொம்பள. கூத்துல பாஞ்சாலி சபதம் போடறது ஒரு ராத்திரி, எங்க வீட்ல அது தினம். ஈரத்துண்ட கட்டில்ல போட்டா சண்டை. காப்பிய ஆற வச்சிட்டு சூடு இல்லன்னா சண்டை. நீ மாசாமாசம் போட்டு விடற டை தலகாணி உறையில ஒட்டிக்கிச்சின்னா, அடேயப்பா, அன்னிக்கு எங்க தாத்தா வரிக்கும் இழுத்துப் பேசுவா. நான் விடுவனா? நானும் அவுங்க தாத்தாவ இழுப்பேன். பாவம் ரெண்டு கிழவனுங்களும், செத்தும் நிம்மதி இல்ல.

இப்ப இன்னான்ற? ஆடி மாசத்துலேர்ந்து திட்டி ஒரு வார்த்தை இல்லப்பா. உறைய எடுத்தா, தொவைச்சா, காயப் போட்டா. அவ்ளோதான்.

போன வாரம் காத்துல ஆன்டெனா திரும்பிக்கிச்சி. டி.வி.ல ஒரே புள்ளி. வழக்கமா இன்னா நடக்கும்? நான் மொட்டைமாடியில நின்னுக்கினு தெரியுதா தெரியுதான்னு கத்துவேன், அவ கீழருந்து, கண்ணு தெரியாதவன மாடி ஏத்தினா இப்படித்தான்னு கத்துவா. அன்னிக்கு நான் கம்பியப் புடிச்சிக்கினு நிக்கறேன், நிக்கறேன், கீழருந்து சத்தமே இல்ல. இறங்கி வந்து பாத்தா, புள்ளியப் பாத்துக்கினு அமைதியா உக்காந்திருக்கறா. இன்னாடி இதுன்னா, படம் வரும், போவும், புள்ளியும் அப்படித்தாங்கன்றா. எனக்கு எங்கயாவது போயி முட்டிக்கலாம்னு இருந்துது.

எல்லாம் அந்த பிக்கு கிட்ட போயி கத்துக்கினு வந்தது. இங்கதான்பா, ஒரு வாத்தியார் வீட்டு மாடியில. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து வர்றாரு, புத்தர் சொன்னத எல்லாம் சொல்றாரு. பொறந்தது மூப்பாவும், பூத்தது வாடும், அநித்தியம்னு அதுக்கு ஒரு பேரு. பாஞ்சாலிய அங்க யாரு அனுப்பினதுன்னு கேளேன். நான்தான். ரிட்டையர் ஆயி வீட்லயே உக்காந்துட்டனா, சண்டை கூடிப்போச்சி. ஒரு மணி நேரம் பேப்பர் படிக்கலாமேன்னு, போயி சும்மா உக்காந்துட்டு வாடின்னு நானே ரிக்‌ஷா புடிச்சி ஏத்தி விட்டேன். போனவ நெசமாவே சும்மா உக்காரக் கத்துக்கினு வந்துட்டா.

தலைய இன்னும் குனியணுமா? சரி.

காலைல எழுந்தா கண்ண மூடிக்கினு, தலைமயிர், ரோமம், நகம், பல்லு, தோலுன்னு வரிசையா சொல்லிக்கினு இருக்கறா. இதுல எதுவும் நிக்காதாம். இத ஆரம்பிச்ச அன்னிக்கே தன் தலைக்கு டை போடறத விட்டுட்டா. ஒரே மாசத்துல தலை பஞ்சாட்டம் வெளுத்துப் போச்சி. எனக்கோ கரு கருன்னு. விழுப்புரத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு பஸ் ஏறினோம். கண்டக்டரு புதுப் பையன், இன்னா சொல்றான் தெரியுமா? அண்ணே, உங்கம்மாவ முன் சீட்ல உக்கார வைங்கண்ணே, பாவம் வயசானவங்கன்றான். நான் வேலை பாத்த ரூட்ல, நான் கிழிச்ச டிக்கெட்ட இன்னிக்கு அவன் கிழிச்சிக்கினு, என் பொண்டாட்டிய எனக்கு அம்மாவாக்கிட்டான். பழைய பாஞ்சாலியா இருந்தா அந்தப் பையன் விக்கிரவாண்டியிலயே வேலைய விட்டுட்டு இறங்கி ஓடியிருப்பான். இவ சிரிச்சிக்கினே போயி முன் சீட்ல உக்காந்துக்கினா. வயசாவறது நெசம்தானே, அதுக்கு எதுக்குக் கோவம்னு என்னையே கேக்கறா.

நீ சிரிக்காதப்பா. கத்தி கைல இருக்குது.

முந்தாநாள் நான் தாங்காம கேட்டுட்டேன். ஏண்டி, பூவ விட்டுட்ட, டைய விட்டுட்ட, கோவத்த விட்டுட்ட, எதையும் இறுக்கிப் புடிக்கக்கூடாதுன்ற. அப்ப நான்? அதுக்கு அவ, "நீங்களும் ஒரு நாள் போவீங்க, நானும் போவேன், காப்பி ஆறுது குடிங்க"ன்னா. அவ்ளோ சாந்தமா சொன்னாப்பா. நெஜமா சொல்றேன், பயந்துட்டேன். அவ திட்டினவரிக்கும் நான் ஒருத்தன் இருக்கறேன்னு தெரிஞ்சிக்கினு இருந்துது. இப்ப அவ பாக்கறப்பல்லாம், என்னையும் அந்த நகம், பல்லு, தோலோட சேர்த்து வரிசையில வச்சிட்டாளோன்னு இருக்குது.

அதான் இந்த ஏற்பாடு. யோசிச்சிப் பாரு. வெள்ளிக்கிழமை. சாமிக்கு வேண்டுதல் கெடையாது, வீட்ல சாவு கெடையாது, பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கறா, அப்படியே மொட்டையா போயி வாசப்படியில நின்னா எப்பேர்ப்பட்ட ஞானியா இருந்தாலும் வாயத் தொறக்காம இருப்பாளா? கையில கெடைக்கறத எடுத்து வீசட்டும், எனக்கு சந்தோசம்.

இன்னாப்பா கையி நின்னுடுச்சி? சொல்லு. யாரு... அந்த பிக்குவா? ஞாயித்துக்கிழமை நீதான் அவருக்கு மழிச்சி விடறியா? மொட்டையா?

அடப்பாவி, நிறுத்து, நிறுத்து. எனக்கு இது தோணவே இல்லியேப்பா. இந்தக் கோலத்துல போயி நின்னா, நானும் அந்தப் பக்கம் வந்துட்டேன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டா? திட்டும் போயி, புருஷனும் போயி, ஒரேடியா சாமியாராக்கி உக்கார வச்சிடுவாளே. இன்னா, பாதி ஆயிடுச்சா? கண்ணாடியக் காட்டு. ஐயையோ, இந்தப் பக்கம் கூழாங்கல்லு மாதிரி மின்னுது, அந்தப் பக்கம் கருகருன்னு நிக்குது. இத வச்சிக்கினு நான் எங்கப்பா போவேன்?

இரு... இரு. கண்ணாடியக் கொஞ்சம் வாசப்பக்கம் திருப்பு. மார்க்கெட் பையோட யாரு அது, பாஞ்சாலியா? காய் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்திருக்கறா. பாத்துட்டா. பைய கீழ வச்சிட்டாப்பா. படி ஏறி வர்றா. கை கும்பிடப் போவுதா பாரு, என்னால பாக்க முடியல... இல்லியே, கை இடுப்புக்குப் போவுது. இன்னா சொன்னா? "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு"ன்னா இல்ல? அந்த வார்த்தைதானே சொன்னா?

கத்திய வைப்பா கீழ. ரேடியோவ அணை. திட்டு எங்க தாத்தா வரிக்கும் வந்துடுச்சி. நீ ஒண்ணும் பேசாத, நானும் பேசல.