‘தடு’வைத் தட்டு

அந்த நாற்காலி வேண்டாம், சார். ஒரு கால் ஆடும். சோபாவில் உட்காருங்கள்.

என் மகளைக் கொஞ்ச நாளாகக் காணோம் என்று பக்கத்து வீட்டு அம்மா போலீசில் சொல்லி வந்திருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் சாப்பாடே வேண்டாம். பரவாயில்லை, எல்லாம் சொல்கிறேன். ஆனால் அதோ, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அதை வாங்கியவள் அவள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் வேலை; வீட்டிலிருந்தே செய்வாள். அவள் எழுந்ததும் நான் உட்கார்ந்து செய்தி பார்ப்பேன். ஃபயர்வால் என்று ஒன்றை அதில் போட்டு வைத்திருந்தாள். ஏதாவது புது நிரல் இணையத்துக்குப் போகப் பார்த்தால் திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பும். ‘இது வெளியே தொடர்புகொள்ள முயல்கிறது’ என்று சொல்லும். கீழே ‘அனுமதி’, ‘தடு’ என்று இரண்டு பொத்தான்கள். முதல் தடவை பார்த்ததும் அவளைக் கூப்பிட்டேன். ஏதோ உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“பயப்படாதீங்கப்பா. தெரிஞ்ச பேரா இருந்தா விடுங்க. தெரியாத பேரா இருந்தா ‘தடு’வத் தட்டுங்க” என்றாள்.

அது எங்களுக்கு ஒரு வேடிக்கையாகிவிட்டது. சாப்பிடும் நேரத்தில் யாராவது சாமான் விற்க வந்து மணி அடித்தால், “அப்பா, தடுவத் தட்டுங்க” என்பாள். இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து சிரிப்போம்.

கொஞ்ச நாளிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இது என் தொழில்தான், சார். நான் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன். காவல் என்றால் உள்ளே வருகிறவனைப் பார்ப்பது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உள்ளே வருவதால் எதுவும் குறையாது. வெளியே போவதைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. விற்ற சரக்கு திரும்பாது. பழுதுபார்க்கப் போகும் மோட்டார் திரும்பி வர வேண்டும். அது வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

என் மனைவி “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இப்போது வேறு ஊரில் வேறு ஒருவரோடு சௌக்கியமாக இருக்கிறாளாம். மகள் அப்போது சின்னவள். அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். வகிடு கோணலாகத்தான் வரும், அப்படியே பள்ளிக்கூடம் போவாள்.

ஒரு நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டி எழும்பியது. முகம் பார்த்துப் பேசுகிற நிரல். வேறு ஊர்க் கம்பெனி ஒன்று வேலைக்காக அவளோடு பேச இருந்தது எனக்குத் தெரியும். ‘தடு’வைத் தட்டினேன். பக்கத்தில் ‘மறுபடி கேட்காதே’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலும் ஒரு டிக் போட்டேன்.

அவள் திரும்பத் திரும்ப முயன்று பார்த்தாள். எதுவும் வரவில்லை. என் தோளில் சாய்ந்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். மறைக்க மாட்டேன், சார், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அவள் விடாப்பிடிக்காரி. சிநேகிதி வீட்டுக்குப் போய் அங்கிருந்து பேசி வேலையை வாங்கிவிட்டாள். அதோடு விடாமல் இதைப் பழுதுபார்க்க ஒரு ஆளையும் கூட்டிவந்தாள். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. வீட்டு ஆளுங்க யாரோ தடுத்து வெச்சிருக்காங்க.”

அவனுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு என் எதிரே வந்து நின்றாள். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, நீங்களா?”

“நீதானேம்மா சொல்லிக் குடுத்தே. தெரியாத பேரா இருந்தா தடுக்கச் சொன்னே.”

“அது உங்களுக்குத் தெரிஞ்ச பேர்தானேப்பா.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டையாக முடிந்திருக்கும். பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்துத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். நான் அந்த அறை வாசலில் நின்றேன்.

“போயிட்டு வர்றேன்பா. லீவு கிடைக்கிறப்ப எல்லாம் வந்துடுவேன்” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் அம்மா சொன்ன அதே வார்த்தை, அதே குரல். கதவை வெளியிலிருந்து சாத்திப் பூட்டினேன். கையோங்கவில்லை. திட்டக்கூட இல்லை. அவள் போன் இங்கே மேசையில்தான் சார்ஜில் கிடந்தது. அது பழைய சாமான் போடுகிற அறை, நல்ல கனமான கதவு. மேலே ஒரு சின்ன சந்துதான், காற்று வரும்.

தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள். ‘தடு’வோடு ஒரு எழுத்துக் கூட்டினால் ‘தட்டு’. அவளிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து கேட்டபோது, தச்சு வேலை நடக்கிறது என்று சொன்னேன். மகள் உள்ளேயிருந்து தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும், அவள் வெளியே போய்விடுவாள். அந்தப் பெட்டியும் முதலில் அப்படித்தான், சார், ஓயாமல் எழும்பும். நாம் பதில் சொல்லாமல் இருந்தால் அடங்கிவிடும்.

இப்போது அடங்கிவிட்டது. நல்ல அமைதி. கோபம் தணிந்து தூங்குகிறாள் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆள் ஏன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அந்தக் கதவையே பார்க்கிறார்? எங்கோ எலி செத்திருக்கிறது, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தாருங்கள் சாவி. திறப்பதற்கு முன்னால் ஒரு ஆளைத் தெருவாசலில் நிறுத்திவிடுங்கள், சார். கொஞ்சம் அசந்தால் ஓடிவிடுவாள்.