திரும்பாத முகம்

யுத்தம் முடிந்த வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தாதரில் டிராம் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் தாராவியிலிருந்து வந்த கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலிப் பேச்சு. அவள் மடியில் வேதப்புத்தகம் இருந்தது. அவர் முகத்தை வீதிப் பக்கமே வைத்திருந்தார்.

“மனந்திரும்பிட்டேன்னு சபையில எந்திச்சு நின்னு சொன்னிய. மூஞ்சிய மட்டும் எம்பக்கம் திருப்ப மாட்டேங்கிய,” என்றாள்.

நான் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டேன்.

“ஏட்டி, காத்துக்காகத் திரும்பியிருக்கேன்.”

“முன்னால குடிச்சிட்டு வந்தப்பவும் இப்படித்தான், வாட எனக்கு வரக்கூடாதுன்னு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பிய. ராத்திரி குடிச்சியளா?”

டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்று புறப்பட்டது.

“கொஞ்சந்தான். தோல் கிட்டங்கில எங்கூட வேலைக்கு நிக்கவனுக்கு மகன் பொறந்திருக்கு. அந்தச் சந்தோசத்துல ஊத்திக் குடுத்தான். வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

“பெறகு?”

“வாங்கிட்டேன்.” குரல் இறங்கிப்போயிற்று. “நீ கோயிலுக்குள்ள போ. நான் வெளிய நிக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள வர?”

“இந்த மூஞ்சியத்தான். வேற எங்க போய் வாங்க?” என்றாள் அவள். “ஒருக்கா திரும்பிட்டா முடிஞ்சு போச்சுன்னு ஆரு சொன்னா? இன்னிக்கும் திரும்புங்க. நான் இங்கனதான இருக்கேன்.”

அவர்கள் நிறுத்தம் வந்தது. முன்னால் இறங்கியவர், அவளைப் பார்த்துத் திரும்பி நின்று, வேதப்புத்தகத்துக்காகக் கை நீட்டினார்.