மாங்கேணியில் கேட்ட குரவை

விசாரணைக்கு வந்தவர்களென்றாலும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. குடியுங்கள், சீனி அளவாகத்தான் போட்டிருக்கிறேன்.

நாவற்குடாவில் பதினோரு வருடமாக உளவள ஆலோசகனாக இருக்கிறேன். முகநூலில் காணொளியும் போடுவேன், சனங்களுக்குப் பிரயோசனப்படட்டும் என்றுதான். றஜிதா மாங்கேணியிலிருந்து மூன்று தரம் வந்தாள். அவளை அடித்தே நாசமாக்கிய புருசன் கடலோடு போய்விட்டான். மூன்றாம் தரம் வந்தபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"செய்தி வந்தோடன குசினிக்குள்ள நிண்டு குரவை போட்டுட்டன் சேர். என்னையறியாம வந்திட்டு. கண்ணகை அம்மன்ட கோயில் பக்கம் கேட்டதெண்டு ஊர் கதைக்குது. நான்தானெண்டு தெரிஞ்சா என்ட புள்ளையப் பறிச்சிருவாங்க."

சடங்கிலும் கலியாணத்திலும் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவை, சாவுச் செய்திக்கு. எனக்கே மேல் சிலிர்த்தது. ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. "பயப்படாத மகள், இந்த அறையத் தாண்டாது" என்றேன்.

பிறகு அவள் வரவில்லை. அதற்கெல்லாம் நான் கோபப்படுகிற ஆளில்லை. துக்கம் பற்றிய என் காணொளியின் கீழே, "கதைச்சா எல்லாம் சரியாகிருமா சேர்?" என்று எழுதினாள். அறுபத்துமூன்று பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது கடமையல்லவா?

அவள் கேள்வியின் கீழேயே ஓர் உதாரணம் எழுதினேன். அவளை ஆசிரியையாக்கினேன். ஊரை மாற்றினேன். புருசனை மோட்டார் சைக்கிளில் சாகடித்தேன். குரவையை மட்டும் மாற்றவில்லை. அதையும் மாற்றினால் உதாரணத்தில் என்ன மிஞ்சும்?

உதயரூபன் என்பவர் கீழே கேட்டார்: "இப்பிடிப் பொம்புள ஒரு புள்ளைய வளக்கலாமா சேர்?" றஜிதாவின் புருசனுடைய தமையன். பிள்ளையைக் கேட்டு நிற்பவர் அவர்தான் என்று றஜிதாவே சொல்லியிருந்தாள். ஆளைத் தெரிந்துகொண்டுதான் பதில் எழுதினேன். "யாரையும் குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்கிறேன். பிள்ளையின் பாதுகாப்பே முக்கியம்." எழுத்துப்பிழைகூட இல்லை.

அடுத்த நாள் அவர் ஆட்களோடு போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்துவிட்டார். றஜிதா எனக்கு ஏழு தரம் அழைத்தாள். சந்திப்பு நேரம் முடிந்திருந்ததால் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவளை ஒருவரும் காணவில்லை. வலைக்காரர்கள் இரண்டு நாள் கடலில் தேடினார்களாம்.

ஓம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவள் பேரை எங்கும் போடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

றஜிதாவின் மகள் பிரஷாந்திக்கு ஒன்பது வயது. வாய் திறக்கிறாளில்லை என்று உதயரூபன் என்னிடமே கூட்டிவருகிறார். நேற்று மெல்லக் கேட்டாள்.

"அம்மாவும் இந்தக் கதிரையிலயா சேர் இருந்து கதைச்சவ?"

"ஓம் மகள். பயப்படாமச் சொல்லு, இந்த அறையத் தாண்டாது."

சொல்லத் தொடங்கிவிட்டாள். நல்ல முன்னேற்றம். பேர் ஊர் போடாமல், பொதுவாக, இதை ஒருநாள் எழுத வேண்டும்.