உரித்த தோல்

டரான்டுலா சிலந்தி வளர்ப்பது பூனை வளர்ப்பதைவிடச் சுலபம், சார். வாரம் ஒரு கரப்பான்பூச்சி, ஒரு மூடி தண்ணீர், அவ்வளவுதான். கத்தாது, சோபாவைப் பிறாண்டாது. புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது என் வேலை. பகல் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு, வாயே திறக்காத ஒரு ஜீவன் எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? மகாராணி என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தச் சிலந்தியை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முன்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டினால், தாக்க வருகிறது என்று அலறுகிறார்கள். போய்விடு என்றுதான் அது சொல்கிறது. போகாவிட்டால் திரும்பி நின்று, வயிற்றின் மேலிருக்கும் முடியைப் பின்கால்களால் உதறிவிடும். தூசி மாதிரி இருக்கும் முள்முடி. தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் தைத்துக்கொண்டு உள்ளே போகும். கடிப்பதெல்லாம் கடைசியில்தான். எதிராளி ஓரடி பின்வாங்கினால் அதுவும் காலை இறக்கிவிடும்.

அக்கா தையல்காரி. என்னைப் படிக்க வைத்தது அவளுடைய மெஷின்தான், மறுக்கவில்லை. அத்தான் இறந்தபின் என்னோடு தங்க வந்தாள். வந்த வாரமே ஆரம்பித்துவிட்டாள்.

"இத யாருக்காவது குடுத்துடுடா. நூல் கோர்க்கும்போதுகூட என்னையே பாக்குற மாதிரி இருக்கு."

அதற்குப் பார்வையே சரியாகத் தெரியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்து பார்த்தேன். அவளோ பிராணிகள் விற்கும் கடைக்காரருக்குத் தானே போன் போட்டு, அடுத்த மாதம் வந்து எடுத்துப்போகச் சொல்லிவிட்டாள்.

மகாராணி உரித்துப்போட்ட தோல்களை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். வளர்ப்பவர்கள் பலரும் வைத்திருப்போம். பழைய தோலிலும் அந்த முடிக்கு வீரியம் குறையாது. கையுறை இல்லாமல் தொடமாட்டோம். அக்கா முகம் துடைக்கும் துண்டில் ஒரு தோலைத் தேய்த்து, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவளுக்கு முகத்தை அழுத்தித் துடைக்கிற பழக்கம்.

வலது கண் சிவந்து வீங்கிவிட்டது. "வீட்ல கம்பளிப்பூச்சி ஏதாவது இருக்கா?" என்று கண் டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை, சார்.

அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. வேளை தவறாமல் சொட்டுமருந்து விட்டேன். அவள் நீட்டும் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். அதெல்லாம் எவ்வளவு அலுப்பு என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்காரர வரவேணாம்னு சொல்லிட்டேன்டா. உனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான், வெச்சுக்கோ. எனக்குத்தான் இன்னொரு கண்ணு இருக்கே."

அவளை அந்த நிமிடமே மன்னித்துவிட்டேன். ஆனால் மனசு மாறாது என்று யார் உத்தரவாதம் தருவது? மறுபடி முதலிலிருந்து எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, சார்.

மறுநாள் காலை வேறொரு துண்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீ நல்லா இருக்கணும்டா" என்று சொல்லிவிட்டு, அவள் இடது கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

தற்காப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.